பாறை மேல் நான் கேட்ட விமானம்

மகனே, இந்தக் கடிதத்தை நின்றுகொண்டு படிக்காதே. வேலை முடிந்து கை கால் கழுவி, ஓர் இடத்தில் உட்கார்ந்து படி. நான் உனக்குத் தாய்மாமன். முறைப்படி மருமகனே என்றுதான் எழுத வேண்டும். ஆனால் உன் அப்பா இறந்தபோது உனக்கு ஐந்து வயது; அன்றிலிருந்து பள்ளிக்கூடத்துக்கும் டிக்கோயா ஆஸ்பத்திரிக்கும் தேருக்கும் என் தோளில்தான் போனாய். அதனால் மகனே என்றே எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை நீ ஒளித்து வைக்க வேண்டாம். தலவாக்கலையில் நீ கட்டப் போகிற பெண்ணின் வீட்டாருக்கும் படித்துக் காட்டு. நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். நான் எழுதியதைத் திருத்தி, நல்ல தமிழாக்கி, இன்னொரு பிரதி எழுதி வைத்திருப்பவர் நம் தோட்டப் பள்ளிக்கூடத்து யாழ்ப்பாணத்து மாஸ்டர். தோட்டத்தில் யார் கேட்டாலும் அவர் காட்டுவார்.

போன வாரம் நீ கொழும்பிலிருந்து போன் எடுத்து ஒரு விஷயம் கேட்டாய். "மாமா, கல்யாணத்தன்னிக்கு நீங்க அந்த அன்டனா கதையச் சொல்லணும். பொண்ணோட அப்பா மைக்கெல்லாம் ஏற்பாடு பண்ணிட்டாரு. என் உசுரக் காப்பாத்துன மனுசன எல்லாரும் பாக்கணுமாம்." நான் சரி என்றேன். எப்போதும் போல, கேட்ட வேகத்திலேயே சரி என்றேன். போனை வைத்த பிறகு தோட்டத்துக் கடைப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அந்தக் கதையை இதுவரை நூறு தடவையாவது சொல்லியிருப்பேன். நீ தாலி கட்டும் பந்தலில் சொல்ல முடியாது. ஏன் என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

முதலில் அன்டனாவிலிருந்தே தொடங்குகிறேன். அதை நானே மூளையைக் கசக்கிக் கண்டுபிடித்தேன் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். இல்லை. யுத்தம் நின்று சமாதானம் வந்திருந்த அந்த வருடங்களில், நீ கட்டாரிலிருந்து முதல் லீவில் வந்தபோது கொண்டுவந்த பெட்டி அது. விமானிகள் பேசுவதைக் கேட்கும் சின்ன ரேடியோ. உன்னோடு ஒரே அறையில் இருந்த மலையாளத்துப் பையன் மாடியில் கம்பி கட்டி, வானத்தில் போகிற விமானங்களை எல்லாம் நோட்டில் குறித்து வைப்பான் என்று சொன்னாய். அவனிடம் கேட்டு அளவு எழுதி வந்ததும் நீதான். நடுவில் நிமிர்ந்து நிற்கிற கம்பி ஐம்பத்தொன்பது சென்டிமீட்டர், அதன் அடியில் நாலு பக்கமும் சாய்ந்து இறங்குகிற கம்பி நாலு. பழைய டீவி அன்டனாவின் அலுமினியக் குழாயை வெட்டினோம். சாய்வுக் கம்பிக்கு உடைந்த குடையின் கம்பியை உருவினோம். வயர் நனையாமல் இருக்கத் தலைகீழாக ஒரு தயிர்ச் சட்டியைக் கவிழ்த்தது மட்டும் என்னுடைய யோசனை. அது ஒன்றுக்கு எனக்கு உரிமை உண்டு. மீதி எல்லாம் உன்னுடையது.

நம் லயத்து வீட்டு வரிசைக்கு மேலே இருக்கிற பாறையில் அதைக் கட்டினோம். முதல் நாள் கரகரவென்று இரைந்த பெட்டிக்குள்ளிருந்து ஒரு வெள்ளைக்காரன் குரல் தெளிவாக வந்தபோது, நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். விமானி பேசுவது கேட்கும். தரையிலிருந்து அவனுக்குச் சொல்கிற பதில் பெரும்பாலும் கேட்காது. பாதிப் பேச்சுதான். மீதிப் பாதியை நான் நிரப்பிக்கொண்டேன். நீ திரும்பிப் போன பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் பாறை மேல் ஒரு சபையே கூடும். ஆங்கிலத்தில் எனக்கு எண்கள் தெரியும், தேயிலை ஸ்டோரில் மிஷினோடு பழகியதால் நாலு வார்த்தை தெரியும். அதை வைத்துக்கொண்டு, "இவன் மாலைதீவுக்குப் போறான், ஹனிமூன் கோஷ்டி. இவன் சிங்கப்பூர்க்காரன், பசியில இருக்கான்" என்று அடித்துவிடுவேன். மாஸ்டர் ஒருவருக்குத்தான் முழுதாகப் புரியும். அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பேசாமல் சிரிப்பார்.

என்னுடைய இன்னொரு பெருமையும் உனக்குத் தெரியும். அந்த விலைக் கொப்பி. வெளிநாடு போய் வந்தவர்கள் யாரைக் கண்டாலும் நிறுத்தி, அங்கே ஒரு பாண் ரொட்டி என்ன விலை, ஒரு முட்டை என்ன விலை, தலைமுடி வெட்ட எவ்வளவு, பல் பிடுங்க எவ்வளவு என்று கேட்டு, நம் காசுக்கு மாற்றி எழுதி வைப்பேன். கட்டார், குவைத், லெபனான், திருச்சிப் பக்கம் என்று ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு பக்கம். கட்டாரில் பெட்ரோலை விடத் தண்ணீர் விலை கூட என்று நான் சொன்னபோது வேலை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயாவே நின்று கேட்டார். வைத்தியச் செலவுக்குத் தனிப் பக்கம். அதைப் படித்துவிட்டு, கடைசியில் எப்போதும் ஒரே முடிவு சொல்வேன்: "உலகத்துல எங்க போனாலும் நோவு வந்தா சொத்த விக்கணும். டிக்கோயாவுல வரிசையில நின்னாப் போதும்." பிள்ளைகளை வெளிநாடு அனுப்ப நினைத்தவர்கள் என்னிடம் கேட்டுப் போனார்கள். கடைசி வீட்டு மாரியாயி அக்கா மட்டும் என்னை விடமாட்டாள். "ஏன்யா, லெபனான்ல புள்ளப் பெத்துக்க எவ்வளவுன்னு ஒனக்கு யாரு சொன்னா? நீ போய்ப் பெத்துட்டு வந்தியா?" எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். ஆனால் அவள் கேட்டது சரியான கேள்வி. யாரும் சொல்லவில்லை. கட்டம் காலியாக இருந்தால் எனக்குப் பொறுக்காது. மனதுக்குப் பட்டதை எழுதிவிடுவேன். வைத்தியப் பக்கத்தில் பாதிக்கு மேல் அப்படி நான் நிரப்பியது. கட்டாரில் வயிற்று வலிக்கு டாக்டரிடம் போனால் உன் நாலு மாதச் சம்பளம் என்று எழுதியிருந்தேனே, அதுவும்தான்.

இப்போது அந்தப் புதன்கிழமை. நீ புதன்கிழமைகளில் கடை போனுக்கு எடுப்பாய். முதலாளி லவுட் போட்டுவிடுவார். வெளிநாட்டுச் சத்தத்தைக் கேட்க ஆட்கள் சுற்றி நிற்பார்கள். உன் அம்மா அன்று பறித்த கொழுந்தை எடை போட்டுவிட்டு வரத் தாமதம். நான்தான் பேசினேன். நீ சொன்ன ஒவ்வொரு சொல்லும் எனக்கு நினைவிருக்கிறது. உனக்கு மறந்திருக்கலாம், வலியில் இருந்தாய்.

"மாமா, நேத்துலருந்து வயித்துல ஒரு வலி. தொப்புள்கிட்ட இருந்துச்சு, இப்ப வலது பக்கமா எறங்கிருச்சு. நிமுந்து நிக்க முடியல."

"வாயுடா. கண்ட குப்பூஸ் ரொட்டியத் தின்னா அப்படித்தான். வெந்தயத்த முழுங்கு."

"இல்ல மாமா, கூட இருக்கிறவன் டாக்டர்கிட்டப் போகச் சொல்றான். கம்பெனியில ஒரு கார்டு குடுத்திருக்காங்க, அதக் காட்டினா…"

கார்டு என்று நீ சொன்னாய். அதைக் கேட்டேன். அந்தக் கார்டு என்னவென்று எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம், போய்க் காட்டிப் பார் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் முந்தின வாரம்தான் அதே கடையில், அதே ஆட்களுக்கு முன்னால், கட்டாரில் வயிற்று வலிக்கு நாலு மாதச் சம்பளம் என்று கொப்பியைத் திறந்து வாசித்திருந்தேன். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். மாரியாயி அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். நான் உனக்குப் பதில் சொல்லவில்லை, மகனே. அவர்களுக்குப் பதில் சொன்னேன்.

"கார்டாவது மண்ணாவது! இன்னிக்கு இளிச்சுக்கிட்டு ஊசி போடுவான், மாசக் கடைசியில சம்பளத்துல வெட்டுவான். நான் நாலு நாட்டு வெலையும் பாத்தவன். ஒனக்கு ஞாயித்துக்கிழம லீவு டிக்கெட் இருக்குல்ல? நாலு நாள் பல்லக் கடிச்சுக்க. இங்க வா, டிக்கோயாவுல சும்மாவே பாத்துக்கலாம்."

நீ, "சரி மாமா. நீங்க சொன்னாச் சரிதான்" என்றாய். கடை முதலாளி என்னைப் பார்த்து, "அண்ணனுக்கு எல்லா நாட்டு வெவரமும் அத்துப்படி" என்றார். எனக்கு அது இனித்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை வெயில் நன்றாக இருந்தது. உன் விமானத்தின் நம்பரை எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தேன். நீ இறங்குவதைப் பாறையிலிருந்தே கேட்கப் போகிறோம் என்று லயத்தில் பாதிப் பேர் மேலே ஏறி வந்தார்கள். உன் அம்மா வரவில்லை, உனக்குக் கோழி அடித்துக்கொண்டிருந்தாள். பத்து மணிக்கு முன்னால் பெட்டி பேசியது. உன் நம்பரை விமானி சொன்னான். ஆட்கள் கைதட்டினார்கள். நான் கையை உயர்த்தி அமைதியாக்கி, "இப்ப எறங்குறேன்னு பர்மிசன் கேக்குறான்" என்றேன். அவன் அதன் பிறகும் பேசினான், கொஞ்சம் அவசரமாக, ஒரே விஷயத்தை இரண்டு தரம். சிக் என்ற சொல்லும் டாக்டர் என்ற சொல்லும் என் காதிலும் விழுந்தன. மாஸ்டர் எழுந்து என் பக்கத்தில் வந்துவிட்டார்.

"உது தம்பியின்ர பிளேன்தானே? அதில ஆருக்கோ கடும் வருத்தமாம். ஒரு இளம் பொடியனாம், வயித்து வலியாம். இறங்கின உடன டொக்டரும் அம்புலன்சும் வேணுமெண்டு கேக்கிறார். தம்பிக்குப் புதன்கிழமை வயித்துக்குள்ள ஏதோ எண்டவையெல்லே?"

அந்தக் கணம் எனக்குத் தெரிந்துவிட்டது. எப்படித் தெரியாமல் இருக்கும்? ஆனால் சுற்றி முப்பது நாற்பது பேர். கீழேயிருந்து ஒருத்தன், "என்னா மாமா சொல்றான் பைலட்டு?" என்று கத்தினான். நான் சொன்னேன், "எவனோ ஓசியில குடுத்த சாராயத்த முட்டக் குடிச்சிருக்கான்டா! வயித்தப் புடிச்சிக்கிட்டு உருள்றானாம். நம்ம புள்ள பக்கத்து சீட்டுல மூக்கப் பொத்திக்கிட்டு இருக்கும்!"

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் சிரிப்புத்தான் பெரிதாக இருந்திருக்கும். மாஸ்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "கீழ போய் ஒரு போன் எடுத்துக் கேளுங்கோவன். இல்லாட்டி நான் எடுக்கிறன்" என்றார். "சும்மா இருங்க மாஸ்டர், பொம்பளைங்க பயந்துருவாங்க" என்று அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். நான் எழுந்து போகவில்லை. அடுத்து ஒரு மாலைதீவு விமானம் வந்தது. அதற்கும் வேடிக்கை சொன்னேன். அந்த நேரம் நீ இருக்கையில் மடங்கிக் கிடந்தாய். உனக்குக் குடல்வால் வெடித்து வயிறு முழுக்கச் சீழ் பரவியிருந்தது.

பின்நேரம் மூன்று மணிக்குத்தான் ஆஸ்பத்திரியிலிருந்து கடைக்குப் போன் வந்தது. முதலாளி மூச்சு வாங்க லயத்துக்கு ஓடி வந்து சொன்னார். ஆப்பரேஷன் நடக்கிறது, உடனே ஆட்கள் வரவேண்டும். உன் அம்மா அடுப்புக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "ஏன்டா தம்பி, ஒனக்கு முன்னமே தெரியுமாடா? காலையில மாஸ்டரு என்னமோ சொன்னாருன்னு பேசிக்கிறாங்களே" என்று என்னைப் பார்த்தாள். அந்தக் கண்களுக்கு முன்னால் அந்தப் பொய் பிறந்தது. திட்டம் போட்டுச் சொன்னதில்லை. வாயைத் திறந்தேன், வந்துவிட்டது.

"தெரியும்க்கா. ஒன்னையப் பயமுறுத்தக் கூடாதுன்னு சொல்லல. பைலட்டு சொன்னதக் கேட்டதும், ஆளுங்கள வேடிக்க சொல்லிச் சமாளிச்சுட்டு, யாருக்கும் தெரியாம ஓடிப்போய்த் தோட்டத்து ஆபீஸ்லருந்து போன் போட்டுட்டேன். அதனாலதான் ஆம்புலன்ஸ் ரெடியா நின்னுச்சு."

அவள் என் இரண்டு கைகளையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். என்னைவிட மூத்தவள், எனக்குச் சோறு ஊட்டியவள். அதன் பிறகு நான் எப்படித் திருப்பி எடுப்பேன்?

நீ இரண்டு மாதம் படுத்துக் கிடந்தாய். குடலில் ஒரு துண்டை வெட்டினார்கள். திரும்பிப் போக வேண்டிய தேதி தாண்டி, கட்டார் வேலை கைவிட்டுப் போனது. நீ கொழும்பில் குளிர்சாதனப் பெட்டி திருத்தப் போனாய். ஆனால் நான் உன் உயிரைக் காப்பாற்றிய மனிதன் ஆகிவிட்டேன். கதை வருடத்துக்கு வருடம் வளர்ந்தது. முதலில் ஆபீசிலிருந்து போன் எடுத்தேன். அடுத்த வருடம் விமான நிலையத்துப் பெரியவர் என்னோடு பேசினார். அதற்கும் அடுத்த வருடம் விமானியே பெட்டி வழியாக எனக்கு நன்றி சொன்னான். அது கேட்கும் பெட்டி மட்டும்தான், அதில் பேச முடியாது. ஒருத்தருக்கும் அது தோன்றவில்லை; அன்று நான் பாறையை விட்டு இறங்கவே இல்லை என்பதும் தோன்றவில்லை. யுத்தம் திரும்பி வந்ததும் ராணுவத்துக்குப் பயந்து அன்டனாவை நானே கழற்றி விட்டேன், கதையை மட்டும் கழற்றவில்லை. ஒவ்வொரு தடவையும் மாஸ்டர் அங்கேதான் இருந்தார். ஒரு தடவை கூட மறுத்துச் சொல்லவில்லை. கதை முடிந்ததும் எழுந்து போய்விடுவார். அவர் போகிற முதுகைப் பார்ப்பது எனக்குத் தண்டனை. ஆனாலும் அடுத்த தடவை கதை சொன்னேன்.

நீ போன் எடுத்த மறுநாள் நான் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கடையில் உண்மையைச் சொன்னேன். நான் போன் எடுக்கவில்லை, கேட்டுவிட்டுச் சிரித்தேன், கார்டைக் காட்டாதே என்று சொன்னதும் நான்தான் என்று சொன்னேன். கடை குலுங்கச் சிரித்தார்கள். மாரியாயி அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இந்தக் கத வேணாம்யா. பழைய கதையே நல்லா இருந்துச்சு. இதுல நீ ஆகாத ஆளால்ல வர்ற? கல்யாணத்துல பழசையே சொல்லு" என்றாள். நான் சத்தியம் பண்ணினேன். அதற்கும் சிரித்தார்கள். அன்றுதான் எனக்கு விளங்கியது, நான் உண்மை பேசினால் அதை எடுத்துக்கொள்ள இந்தத் தோட்டத்தில் ஒரு ஆள் இல்லை. அதற்கு அவர்கள் காரணம் இல்லை.

அங்கிருந்து நேரே மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். "மாஸ்டர், நீங்க ஒருத்தர்தான் சாட்சி. ஏன் இத்தன வருசம் சொல்லாம இருந்தீங்க?" என்று கேட்டேன். கேட்டபோது கோபமாகவே கேட்டேன் என்று நினைக்கிறேன்.

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "நானும் அண்டைக்கு உட்காந்துதானே இருந்தனான். நீங்கள் கையைப் பிடிச்சீங்கள், நான் இருந்திட்டன். எழும்பிப் போயிருக்கலாம்" என்றார். பிறகு, "எழுதுங்கோ. எழுத்துப் பிழை நான் பாக்கிறன். ஆனா முதல்ல அக்காவுக்கு வாசிச்சுக் காட்டவேணும். அதுக்குப் பிறகுதான் நான் சாட்சிக் கையெழுத்து வைப்பன்" என்றார்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் நாளைக்கு நீயும் ஒரு வீட்டுக்குப் பெரியவன் ஆகப் போகிறாய். உன் பெண்டாட்டியோ பிள்ளையோ வலிக்கிறது என்று சொன்னால், அந்த இடத்தில் வேறு யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்காதே. சொன்னவரை மட்டும் பார்த்துப் பதில் சொல். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதற்கு ஐந்தாம் வகுப்புக் கூட வேண்டியதில்லை. எனக்கு அது அறுபது வயதில்தான் வருகிறது, அதுவும் பேனாவில்தான் வருகிறது. கொப்பியின் வைத்தியப் பக்கங்களை நானே கிழித்துவிட்டேன். பாண், முட்டை விலையை எல்லாம் விட்டு வைத்திருக்கிறேன், அவற்றில் ஏறக்குறைய பாதி உண்மை.

நேற்று உன் அம்மாவுக்கு இதை வாசித்தேன். அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கார்டு என்று நீ சொன்ன இடம் வந்ததும் கை நின்றது. பாறையில் நான் சிரித்த இடத்தில், "இன்னொருக்கா படி" என்றாள். படித்தேன். இன்னும் ஒரு தரம் படிக்கச் சொன்னாள். மூன்றாம் தரமும் படித்தேன். அவள் திட்டவில்லை, அழவும் இல்லை. திட்டியிருந்தால் நான் நன்றாகத் தூங்கியிருப்பேன். எழுந்து உள்ளே போய்த் துணிப்பெட்டியைத் திறந்தாள். உன் கல்யாணத்துக்கு ஹட்டனில் வாங்கி வைத்திருந்த உருமால் துணியை எடுத்து வந்தாள். சிவப்புக் கரை போட்டது. மணவறைக்குப் போகும் முன் மாப்பிள்ளை தலையில் உருமால் கட்டுவது தாய்மாமன் கை என்பது உனக்குத் தெரியும். அதை மடித்து, இந்தக் கடிதத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இதையும் அவனுக்கு அனுப்பு. யாரு கட்டணும்னு அவனே சொல்லட்டும்" என்றாள். அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை. இரவு சோறு மட்டும் வைத்தாள்.

ஆகவே, மகனே, பொட்டலத்தில் கடிதத்தோடு அந்தத் துணியும் இருக்கிறது. மாஸ்டரின் கையெழுத்து கடைசிப் பக்கத்தில் இருக்கிறது, பார்த்துக்கொள். துணியை யார் கையில் கொடுக்க வேண்டும் என்று நினைக்கிறாயோ, அவர் கையில் கொடு. உன் பெரியப்பா மகன் கட்டினாலும் எனக்குச் சம்மதம். முறை தவறிப் போச்சு என்று யாராவது கேட்டால், நான்தான் தவறினேன் என்று சொல். மைக் மட்டும் வேண்டாம் என்று பெண்ணின் அப்பாவிடம் இப்போதே சொல்லிவிடு. அன்று காலையில் நான் தலவாக்கலைக்கு முதல் பஸ்ஸில் வந்துவிடுவேன். நீ கூப்பிட்டால் முன்னுக்கு வருவேன். கூப்பிடாவிட்டால் பந்தியில் இலை போட்டுத் தண்ணீர் ஊற்றுவேன், அதற்குப் பேச்சு எதுவும் வேண்டியதில்லை.